பண்ணையில குழாய் எந்த உயரத்துல இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல லீவுக்கு பசங்கள எங்கெல்லாம் கூட்டிட்டு போகலாம்னு ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல பண்ணைக்கு ஒரு நாள் போய் வர்றதப் பத்தியும் நாலு வரி இருந்துச்சு, பக்கத்துல ஒரு போட்டோ, குட்டிப் பாப்பா ஒண்ணு கன்னுக்குட்டிய கட்டிப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது. போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதப் பாத்ததும் எனக்கு மனசுல ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான், இந்தப் பாப்பா இதுக்கப்புறம் கைய எங்க போய் கழுவியிருக்கும், அந்தக் குழாய் அவளுக்கு எட்டியிருக்குமா. சிரிக்காதீங்க. ரெண்டு மாசம் முன்னாடி நாங்களும் அந்த மாதிரி ஒரு பண்ணைக்கு போய்ட்டு வந்தோம், அதுலேர்ந்து நான் எங்க போனாலும் குழாயத்தான் பாக்குறேன்.

நாங்கன்னா நானு, வீட்டுக்காரரு, மாமியாரு, மாசமா இருக்குற நாத்தனாரு, ஆறு வயசு பெரியவ, ரெண்டரை வயசு சின்னவன். பண்ணை பேரு சொல்லப் போறதில்ல, திட்டுறதுக்காக எழுதுற லெட்டர் இல்ல இது, அவங்க மேல எனக்கு கோவத்த விட மரியாதைதான் ஜாஸ்தி, விவசாயத்த மட்டும் வெச்சு பொழைக்கிறது கஷ்டம்னு ஊரே பேசுற காலத்துல நாலு குடும்பத்த உள்ள விட்டு சுத்திக் காட்டி கொஞ்சம் சம்பாதிச்சா அதுல என்ன தப்பு. எனக்கு சொல்ல வேண்டியது ஒண்ணுதான். சின்னப் பசங்களுக்குன்னு சொல்லி நடத்துற இந்த ஒரு நாள்ல எல்லாமே பெரியவங்க உயரத்துலயும் பெரியவங்க வேகத்துலயும்தான் இருக்கு.

வேகத்த முதல்ல சொல்றேன். உள்ள போன உடனே கையில ஒரு சீட்டு குடுத்தாங்க, அதுல ஒன்பது ஐட்டம், கோழி, வாத்து, ஆடு, முயல், பால் கறக்குறது, டிராக்டர், தோட்டம்னு போகுது, ஒவ்வொண்ணுக்கும் இருவது நிமிஷம், முடிஞ்சதும் ஒரு தம்பி விசில் ஊதுவாரு, அடுத்த எடத்துக்கு ஓடணும். ஆறு வயசுப் பொண்ணுக்கு வாத்து தண்ணிக்குள்ள தலைய விட்டுட்டு வாலத் தூக்கி நிக்கிறத பாத்து சிரிச்சு முடிக்கவே பத்து நிமிஷம் ஆகுது, அது ஏன் நனையலன்னு கேட்டா, வால் கிட்ட ஒரு எண்ணெய் சுரப்பி இருக்கு, அலகால அத எடுத்து எடுத்து றெக்கையில தடவிக்கும்னு சொல்லி, அது தடவுற வரைக்கும் காத்திருந்து காட்டுனாத்தானே அவளுக்கு புரியும். அதுக்குள்ள விசில்.

பால் கறக்குறதுல நடந்தது இன்னும் கூத்து. ஒரு மாட்டச் சுத்தி முப்பது பேரு, எல்லார் கையிலயும் போன், பசங்க கத்துதுங்க, ஒருத்தர் ஃபிளாஷ் வேற போடுறாரு. கறக்குற அண்ணன் கன்ன அவுத்து விட்டு ரெண்டு வாய் ஊட்ட விட்டு, மடியத் தடவிக் குடுத்து, காம்பப் புடிச்சு இழுத்தா சொட்டு கூட வரல. மாடு பால் எறக்கலைங்க, கொஞ்ச நேரம் எல்லாரும் தள்ளிப் போங்கன்னு அவரு கெஞ்சாத குறை. யாரும் நகரல, போட்டோ எடுக்கணுமே. எங்க அத்தைதான் (மாமியாரத்தான் சொல்றேன்) சத்தமா சொன்னாங்க, உன்னச் சுத்தி முப்பது பேரு நின்னு போட்டோ புடிச்சா நீ புள்ளைக்கு பால் குடுப்பியான்னு. அப்பத்தான் கூட்டம் கலைஞ்சுது. விஷயம் என்னன்னா, மாடு தானா மனசு வெச்சாத்தான் பால் எறங்கும், கன்னு வாய் வெச்சாலோ மடியத் தடவுனாலோ மூளையிலேர்ந்து ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் வரும், அது மடிய இறுக்கி பால கீழ தள்ளும், ஆனா மாடு மெரண்டு போச்சுன்னா அட்ரினலின்னு இன்னொரு ஹார்மோன் வந்து அந்த வேலையக் கெடுத்துடும். இத அங்க நின்ன பசங்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏன் அமைதியா இருக்கணும்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கும், பசங்க ஒண்ணும் புரியாததுங்க இல்ல, பெரியவங்கதான்.

கறந்து முடிச்சதும் அந்த அண்ணன் நுரையோட ஒரு டம்ளர் பால எம் பொண்ணுகிட்ட நீட்டுனாரு, குடி பாப்பா ஃப்ரெஷ்ஷுன்னு. நான் சரி கிராமத்துல பொறந்து வளந்த அத்தை வாங்கிக் குடுப்பாங்கன்னு நெனச்சா, அவங்கதான் மொத ஆளா, காய்ச்சாம வேண்டாம் தம்பின்னுட்டாங்க. எங்க வீட்ல நாலு மாடு இருந்துச்சு, ஒரு நாளும் எங்கம்மா பச்சைப் பால் குடுத்ததில்லன்னாங்க. அவங்க அம்மா கரெக்ட். மாடு பாக்க நல்லா இருந்தாலும் பச்சைப் பால்ல புருசெல்லா, டிபி, ஈ.கோலைன்னு நோய்க்கிருமி எல்லாம் வரலாம், ஒரு கொதி விட்டா அத்தனையும் போயிடும்.

டிராக்டர் சவாரிய நாங்க தவற விட்டோம். சின்னவன் ஆய் போயிட்டான், டயப்பர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள டிராக்டர் கெளம்பிடுச்சு, பெரியவ மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டா. வீட்டுக்காரர் வழக்கம் போல, காசு குடுத்தாச்சே நான் போய் கேக்குறேன்னு கெளம்பிட்டாரு. நாங்க கொட்டகை ஓரமா இருந்த திண்டுல உக்காந்தோம், எதிர்ல ஒரு வயசான மாடு படுத்துக்கிட்டு அசை போட்டுட்டு இருந்துச்சு. அந்த நாப்பது நிமிஷம் இருக்கே, அன்னிக்கு நாங்க பண்ணையப் பாத்ததே அப்பத்தான்.

மொதல்ல பெரியவதான் கண்டுபுடிச்சா, அம்மா அது கழுத்துல ஏதோ மேல ஏறுதுன்னு. உத்துப் பாத்தா ஆமா, மாடு மென்னு முழுங்கும், ஒரு ரெண்டு மூணு செகண்டு சும்மா இருக்கும், அப்புறம் கழுத்துல ஒரு உருண்டை கீழேர்ந்து மேல ஏறி வரும், மறுபடி தாடை ஆட ஆரம்பிக்கும், அதுவும் நேரா இல்ல, பக்கவாட்டுல, ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி. பெரியவ எண்ண ஆரம்பிச்சா, ஒரு உருண்டைக்கு அம்பத்தி நாலு, அடுத்ததுக்கு அம்பத்தொம்பது, நடுவுல சின்னவன் மா மான்னு கத்தி எண்ணிக்கைய விட்டுட்டு அவன அடிக்கப் போயிட்டா. அத்தை அவளுக்கு சொன்னாங்க, காலையில அவசர அவசரமா மேஞ்சத எல்லாம் வயித்துல ஒரு பெரிய பைக்குள்ள போட்டு வெச்சிருக்கு, இப்ப சாவகாசமா ஒவ்வொரு வாயா எடுத்து மெல்லுதுன்னு. நாலு அறை வயிறுன்னு நானும் ஸ்கூல்ல படிச்சவதான், மொத அறை ஒரு பெரிய மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல புடிக்கும்னும் தெரியும், ஒரு நாளைக்கு ஆறு எட்டு மணி நேரம் இதே வேலைதான்னும் தெரியும், ஆனா கழுத்துல அந்த உருண்டை ஏறி வர்றத நான் என் வாழ்க்கையில அன்னிக்குதான் பாத்தேன். முப்பத்தி நாலு வயசாகுது எனக்கு.

அப்புறம் அது வாயத் தொறந்து நாக்க நீட்டி மூக்குக்குள்ள விட்டு தொடச்சுது. பெரியவ ஒரே கத்தல், அம்மா அதுக்கு மேல் பல்லே இல்ல, பாவம்மா, வயசாயிடுச்சான்னு. அவளுக்கு அப்ப கீழ் முன்பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதனால உலகத்துல யாரப் பாத்தாலும் மொதல்ல பல்லத்தான் பாப்பா. அத்தை சிரிச்சாங்க. மாட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது தங்கம், கன்னுக்கும் கிடையாது, ஆட்டுக்கும் கிடையாது, மேல கெட்டியா ஈறு மட்டும்தான், நாக்கால புல்ல சுத்தி வளைச்சு, கீழ்ப் பல்லையும் மேல் ஈறையும் வெச்சுப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்துடும். கீழ எட்டுப் பல்லு இருக்கும். அதுவும் உனக்கு மாதிரியே மொதல்ல பால் பல்லுதான், ரெண்டு வயசு வாக்குல நடுவுல இருக்குற ரெண்டும் விழுந்து புதுசா பெருசா மொளைக்கும், அதத்தான் ரெண்டு பல்லு மாடுன்னு சொல்லுவோம், அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு, சந்தையில வயச எவனும் வாயால சொல்ல மாட்டான், வாயத் தொறந்து பல்லப் பாத்துதான் வாங்குவாங்கன்னு அவங்க சொல்லச் சொல்ல எம் பொண்ணு வாயத் தொறந்தபடியே நாக்கால அவ பல்ல ஆட்டிக்கிட்டு கேட்டுட்டு இருந்தா. டிராக்டர் திரும்பி வந்தது கூட அவளுக்குத் தெரியல. வீட்டுக்காரர் ஜெயிச்ச மாதிரி வந்து, அடுத்த ரவுண்டுல ஏத்திக்கிறாங்களாம்னு சொன்னப்ப அவ வரலன்னுட்டா.

சீட்டுல இல்லாத இன்னொண்ணு கோழி. முட்டை போடுற பொட்டியில ஒரு கோழி அசையாம உக்காந்திருந்துச்சு, அங்க வேலை செய்யிற ஒரு அக்கா சும்மா போற போக்குல, பாப்பா அது இப்ப போடப் போவுது பேசாம நில்லுன்னு சொல்லிட்டு போனாங்க. நின்னோம். கோழி லேசா எழுந்து நின்னுச்சு, வால எறக்குச்சு, பொத்துனு விழுந்துச்சு. அந்த அக்கா திரும்பி வந்து எடுத்து அவ உள்ளங்கையில வெச்சாங்க, சூடா, ஈரமா இருந்துச்சு, பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்த ஈரம் காஞ்சு முட்டை மங்கலாயிடுச்சு, அதுதான் ஓட்டு மேல இருக்குற மெல்லிசு படலம், கிருமி உள்ள போகாம காக்குறது. ஒரு முட்டை கோழி வயித்துல தயாராக ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகுது, அதுல ஓடு கட்டுறதுக்கு மட்டுமே இருவது மணி நேரம் கிட்ட. ஒரு நாள் பூரா ஒரு கோழி பாடுபட்டத நாம ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தா கொறஞ்சா போயிடுவோம். இது பொரிச்சு குஞ்சு வருமான்னு அவ கேட்டதுக்கு, சேவலோட இருந்து அடை வெச்சா இருவத்தோரு நாள்ல வரும், சேவல் இல்லாட்டியும் கோழி முட்டை போடும் ஆனா குஞ்சு வராதுன்னு அந்த அக்கா சொன்னாங்க. இது எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது, அத அவரு ஒத்துக்கல அது வேற கத.

தோட்டத்துல கைடு மைக்க வெச்சுக்கிட்டு இது கடலைச் செடி, இது மிளகாய்ச் செடின்னு லிஸ்ட்டு படிச்சுட்டு போயிட்டாரு. ஒரே ஒரு கடலைச் செடிய புடுங்கிக் காட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். வேர்க்கடலைன்னு நம்மாளுங்க பேரு வெச்சுட்டாங்க ஆனா அது வேர்ல காய்க்கிறதே இல்ல, மேல மஞ்சளா பூ பூக்குது, பூ வாடுனதும் அடியிலேர்ந்து விழுது ஒண்ணு கீழ எறங்கி மண்ணுக்குள்ள குத்திட்டு போகுது, அந்த நுனிதான் மண்ணுக்குள்ள காயாகுது. இத விட மேஜிக் எந்த பார்க்ல இருக்கு சொல்லுங்க.

சரி இப்ப உயரம்.

ஆட்டுப் பட்டிக்கு வேலி போட்டிருந்தாங்க, மேல் கம்பி என் இடுப்பளவு, அதுக்கு கீழ பூரா தகரம். எனக்கு ஆடு தெரியுது, ரெண்டரை வயசுக்காரனுக்கு தகரம்தான் தெரியுது, அவன் தகரத்த தட்டிக்கிட்டு நின்னான். தூக்கிக் காட்டலாம், எத்தன நேரம் பதிமூணு கிலோவ தூக்கிட்டு நிக்கிறது. ஆனா மாட்டுக்கு வெச்ச தண்ணித் தொட்டி மட்டும் கரெக்டா அவன் உயரத்துல, என் முட்டி அளவுக்கு, மூடி கிடையாது, சுத்தி தடுப்பு கிடையாது, உள்ள பாசி. நமக்கு அது தொட்டி, அவனுக்கு அது கெணறு. சின்னக் குழந்தை தலைகுப்புற விழுந்தா ஒரு சாண் தண்ணி போதும், சத்தமே வராது. நாத்தனார்தான் பாத்துட்டு அவன் சட்டையப் புடிச்சு இழுத்தா, அவளுக்கே ஏழு மாசம்.

நாத்தனார் விஷயமும் சொல்லிடுறேன். ஆட்டுக் கொட்டகையில அன்னிக்கு ஒரு ஆடு குட்டி போட்டுட்டு இருக்குன்னு எல்லாரையும் கூப்ட்டாங்க. மாசமா இருக்குறவங்க குட்டி ஈனுற ஆடு கிட்டயும் அந்த நஞ்சுக்கொடி, ஈரக்குட்டி கிட்டயும் போகவே கூடாதுன்னு அவ டாக்டர் முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தாங்க, அதுலேர்ந்து தொத்துற சில கிருமி கருவையே கலைச்சிடுமாம். அவ வெளியவே நின்னுட்டா. வாசல்ல ஒரு போர்டு வெக்கிறதுக்கு என்ன, அவளுக்கு டாக்டர் சொன்னாரு, எல்லாருக்குமா சொல்லியிருப்பாங்க.

தீவனம் குடுக்குறதுக்கு பாலித்தீன் பையில போட்டு விக்கிறாங்க, பசங்களுக்கு அதுதான் பிடிச்ச வேலை, எம் பசங்களும் குடுத்தாங்க, ஆட்டு நாக்கு உள்ளங்கையில பட்டதும் சின்னவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. ஆனா ஒரு நாளைக்கு எரநூறு புள்ளைங்க ஆளுக்கு ஒரு பை தானியம் குடுத்தா அந்த ஆட்டோட கதி என்ன, அசை போடுற வயித்துக்கு தானியம் அளவுக்கு மீறிப் போச்சுன்னா உள்ள அமிலம் ஏறி வயிறு உப்பி செத்தே கூட போயிடும், தழையும் புல்லும்தான் அதுக்கு சாப்பாடு. அந்தப் பையும் காத்துல பறந்து பட்டிக்குள்ள விழுது, மாடு ஆடு தின்னா அது வயித்துலயே தங்கிடும், வெளிய வராது. ஒரு கொத்து அகத்தியோ ஏதோ ஒரு தழையோ கட்டிக் குடுத்தா குழந்தைக்கு அதே சந்தோஷம்தான், கையும் கடிபடாது.

இப்ப குழாய்க்கு வரேன். கன்னுக்குட்டி ஒண்ணு சின்னவன் விரல சப்புச்சு, மணிக்கட்டு வரைக்கும் எச்சில், அவன் அதே கைய நேரா வாய்க்கு கொண்டு போறான், நான் பாஞ்சு புடிச்சேன். கை எங்க கழுவுறதுன்னு கேட்டா பாத்ரூம் பக்கத்துல, அது கேட்டு பக்கத்துல, கேட்டு அந்தக் கோடியில. போனா வாஷ்பேசின் என் நெஞ்சுக்கு கொஞ்சம் கீழ இருக்கு. ஆறு வயசுக்காரி எக்கி நின்னா விரல் நுனி தண்ணியத் தொடுது, தண்ணி முழங்கை வழியா சட்டைக்குள்ள ஓடுது. சின்னவன வீட்டுக்காரர் இடுப்புல அமுக்கிப் புடிச்சு கவுத்துப் புடிக்க நான் கழுவுனேன், அவன் வயிறு அழுந்தி அழுறான், பின்னாடி பத்து பேரு லைன்ல. சோப்பு டப்பா காலி. கேட்டா, அதான் சானிட்டைசர் வெச்சிருக்கோமே மேடம்னு சொன்னாங்க. சாப்பாட்டு மேடை மட்டும் ஆட்டுப் பட்டிக்கு நேர் எதிர்ல. யோசிச்சுப் பாருங்க, பட்டியிலேர்ந்து வெளிய வந்த புள்ளைங்க எங்க போகும், குழாய்க்கா சாப்பாட்டுக்கா.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல சின்னவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது, நாலு நாள் போச்சு, நல்லவேளை பெருசா ஒண்ணும் ஆகல. டாக்டர் கேட்ட மூணாவது கேள்வியே மாடு ஆடு இருக்குற எடத்துக்கு எங்கயாவது போனீங்களாங்கறதுதான். அது பண்ணையிலேர்ந்துதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ரெண்டரை வயசுப் பையன் தெனம் எதெதையோ வாயில வெக்கிறான். ஆனா அவர் சொன்னத கேட்டதுக்கு அப்புறம் எனக்கு அந்த காலி சோப்பு டப்பாதான் கண்ணு முன்னாடி நிக்குது. கன்னுக்குட்டிங்க கிட்ட கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி சகஜமாம், ஆல்கஹால் சானிட்டைசர் அத ஒண்ணும் பண்ணாது, சாணியும் எச்சிலும் அப்பியிருக்குற கையில சானிட்டைசர் எந்தக் கிருமிக்குமே சரியா வேலை செய்யாது. சோப்பும் ஓடுற தண்ணியும்தான், இருவது செகண்டு தேய்க்கணும். அதோட ஈ.கோலை ஓ157ன்னு ஒண்ணு இருக்கு, மாடு ஆடு குடல்ல அதுபாட்டுக்கு இருக்கும், அதுங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல, சாணி வழியா வேலிக் கம்பி, வைக்கோல், செருப்பு, தள்ளு வண்டி சக்கரம்னு எல்லா எடத்துக்கும் வந்துடும், நூறு கிருமிக்கும் கம்மியா உள்ள போனா கூட போதும். அஞ்சு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்களுக்குத்தான் அதுல ஆபத்து அதிகம், சில பேருக்கு சிறுநீரகம் வரைக்கும் போயிடுது. 2009ல இங்கிலாந்துல குழந்தைங்கள கூட்டிட்டு வந்து ஆடு மாட்ட தொட விடுற பண்ணை ஒண்ணுல இப்படித்தான் 93 பேருக்கு வந்துச்சு, அதுல பெரும்பாலும் பத்து வயசுக்குள்ள இருக்குற பசங்க, சில குழந்தைங்களுக்கு டயாலிசிஸ் வரைக்கும் போச்சு. கோழிக்குஞ்ச கையில புடிச்சு முத்தம் குடுக்குறதும் அதே மாதிரிதான், பாக்க பஞ்சு மாதிரி இருக்கும், சால்மொனெல்லாங்கற கிருமி உள்ள இருந்தாலும் குஞ்சு நல்லாத்தான் ஓடியாடிக்கிட்டு இருக்கும்.

இதப் படிச்சுட்டு யாரும் அய்யய்யோ பண்ணைக்கே போக வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க, அப்படி நெனச்சு நான் எழுதல. மாட்டு வயித்துலேர்ந்து உருண்டை ஏறி வர்றத எந்த டிவியும் எம் பொண்ணுக்கு காட்டாது. தொடட்டும், முகரட்டும், சாணிய மிதிக்கட்டும், கடைசியில கை கழுவ மட்டும் ஒரு வழி வேணும், அவ்வளவுதான்.

அதுக்கு பெரிய செலவு ஒண்ணும் கிடையாது. பட்டியிலேர்ந்து வெளிய வர்ற வாசல்லயே, சாப்பாட்டுக்கு போறதுக்கு முன்னாடி, ரெண்டு குழாய் கீழ ஒண்ணு மேல ஒண்ணு. அதுவும் முடியாதா, இருக்குற பேசினுக்கு முன்னாடி ஒரு பலகை போடுங்க, புள்ளைங்க ஏறி நிக்கட்டும். கயித்துல கட்டுன ஒரு சோப்பு. வேலியில தகரத்த எடுத்துட்டு கை நுழையாத கம்பி வலை, ஆட்டுக் கண்ணு அப்படியே பசங்க கண்ணுக்கு நேரா இருக்கும், அதுல நடுவுல இருக்குற கருப்பு படுக்கை வசமா கோடு மாதிரி இருக்குறத அதுங்களே கண்டுபுடிச்சு உங்கள ஏன்னு கேக்கும். தொட்டிக்கு ஒரு மூடி. அப்புறம் ஒன்பது ஐட்டத்த நாலா கொறைங்க, அந்த விசில தூக்கி உள்ள வெச்சுடுங்க. இத நான் அந்தப் பண்ணைக்கு போன் பண்ணியும் சொன்னேன். எடுத்தவரு பொறுமையாத்தான் கேட்டாரு, ஆனா கடைசியில, குழந்தைங்க கூட பெரியவங்க வர்றாங்கல்ல மேடம், அவங்க பாத்துக்கணும்னு சொன்னாரு. அதுல பாதி நியாயம் இருக்கு, நாங்களும் பாத்தோம், வாஷ்பேசின் உயரத்த எங்களால கொறைக்க முடியலையே.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், எனக்கும் சேத்துத்தான். காலையில சீக்கிரமே போயிடுங்க, வெயில் ஏறுன பிறகு ஆடு மாடும் படுத்துடும் உங்க புள்ளையும் சிணுங்க ஆரம்பிச்சுடும். மாட்டுக்கு நேர் பின்னாடி இருக்குறது அதுக்கு கண்ணு தெரியாது, அதனால அந்தப் பக்கமா போகாம முன்னங்கால் பக்கமா பேசிக்கிட்டே போங்க. சோப்பு ஒண்ணு, தண்ணி பாட்டில் ஒண்ணு, மாத்துச் செருப்பு ஒண்ணு பையில இருக்கட்டும். பால் பாட்டில், விரல் சப்புறது, நொறுக்குத் தீனி எதுவும் பட்டிக்குள்ள வேண்டாம். போன்ல மொத பத்து நிமிஷத்துல வேணுங்கற போட்டோவ எடுத்துட்டு உள்ள வெச்சுடுங்க, நான் எடுத்த நூத்தி பன்னெண்டு போட்டோவுல நூறுல எங்க பசங்க கேமராவப் பாக்குறாங்க, பின்னாடி ஒரு மாட்டு முதுகு.

நீங்களும் அடுத்த தடவ இந்த மாதிரி லிஸ்ட்டு போடும்போது எத்தன ஐட்டம் இருக்குன்னு எழுதுற எடத்துல, குழாய் குழந்தைக்கு எட்டுதான்னும் ஒரு வரி விசாரிச்சு எழுதுங்க, பேப்பர்ல வரும்னு தெரிஞ்சா பலகை தானா வந்துடும்.

பல்லு விஷயம் கேக்க மறந்துடாதீங்க, பத்து நாள் கழிச்சு அது விழுந்துடுச்சு. கையில வெச்சுக்கிட்டு ஓடி வந்தா. ஓ அப்ப நீ இப்ப ஒரு பல்லா பாப்பான்னு நான் கேட்டா, இல்லம்மா, புதுசா மொளைச்சாத்தான் கணக்கு, பாட்டி சொன்னாங்கல்லன்னு என்னத் திருத்திட்டு, சின்னவன புடிச்சு வாயத் தொறக்கச் சொல்லி எண்ண ஆரம்பிச்சுட்டா.

இப்படிக்கு,
ரெண்டு புள்ளைங்களோட அம்மா, உங்க வாசகி